எழுதாத அறிக்கைக்கு வந்த இனிப்பு

புதிதாக வி.ஏ.ஓ. ஆகி வந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சியில் போலி மெயிலைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்திருப்பார்கள். அனுப்பியவரின் முகவரியை முழுசாகப் பார், தெரியாத இணைப்பைத் தொடாதே, ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே. எல்லாம் சரிதான், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்த மெயிலோடு உங்கள் மேசைக்கு வரும்போது, போலி மெயில் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டா வரப் போகிறார்? சிரித்த முகத்தோடு, கையில் இனிப்புப் பெட்டியோடு வருவார். எனக்கு அப்படித்தான் வந்தது.

நான் அப்போது கீழ்வேளூர் தாலுகாவில் ஓர் ஊரில் இருந்தேன். சம்பா நடவு முடிந்து, பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அந்த நாட்கள் எப்படியிருக்கும் என்று நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள். எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று நாம் கையெழுத்துப் போட்டுத் தருகிற அடங்கல் இல்லாமல் காப்பீடு செய்ய முடியாது. அதனால் ஊரே நம் வாசலில் நிற்கும். வெளியே அடைமழை, உள்ளே நனைந்த குடையும் ஈரத் துண்டும். யார் முன்னால் வந்தது என்று ஒரே சண்டை. நான் கோபக்காரி என்று தாலுகா முழுக்கப் பெயர் வாங்கியவள். அன்றைக்குக் காலையிலிருந்தே யார் மேலாவது எரிந்து விழத் தயாராக இருந்தேன்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலியமூர்த்தி வந்தார். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்து காலத்தை ஓட்டியவர். இவர் குத்தகைக்குச் சாகுபடி செய்து, மெல்ல மெல்லச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வாங்கியவர். மகள் இளவரசிதான் அந்த வீட்டில் முதன்முதலில் காலேஜுக்குப் போனவள். அவளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் பரிந்துரை எழுதியது நான்தான். படிப்பு முடித்து நாகப்பட்டினத்தில் இறால் பண்ணைகளின் தண்ணீரைச் சோதிக்கிற ஒரு தனியார் லேப்பில் வேலை பார்த்தாள். அந்த வீட்டில் மாதம் பிறந்தால் தவறாமல் வருகிற சம்பளம் அது ஒன்றுதான். தம்பி படிப்பதும் அதில்தான்.

"வரிசையில வாங்க கலியமூர்த்தி," என்றேன்.

"அடங்கலுக்கு வரலைங்கம்மா. மொதல்ல இதுல ஒண்ணு எடுத்துக்குங்க." பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். ஜாங்கிரி. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தேனா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு சென்ட்ரல் கவர்மென்ட்ல வேலை ஆயிட்டுங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

"அப்படியா! சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்," என்று சொல்லிக்கொண்டே அடுத்த அடங்கலில் முத்திரையைக் குத்தினேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் வேலையில் நன்றிக்குப் பஞ்சமே இருக்காது. யாரோ போட்ட ரோட்டுக்கு நமக்கு மாலை போடுவார்கள், மேட்டூரில் தண்ணீர் திறந்தால் நமக்கு வாழைத்தார் வரும். வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் அதற்கான வசவும் நமக்குத்தான். அதனால் நன்றி சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பழக்கமாகிவிடும். கூட்டம் வேறு நெருக்குகிறது. இவரை அனுப்பினால் ஓர் ஆள் குறைகிறது. ஆனாலும் எனக்கென்னவோ, செய்யாததற்குப் பேர் வாங்கினால் பின்னால் அதுவே வம்பாகும் என்று எப்போதுமே ஒரு குறுகுறுப்பு உண்டு.

"அது சரி, இதுல என் புண்ணியம் எங்க வந்துச்சு? எதுக்கு எனக்கு இனிப்பு?" என்றேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? நீங்க எழுதி அனுப்பின ரிப்போர்ட்டுனாலதானுங்களே கெடச்சுது. மெயில்லயே போட்டிருக்காங்க. பாப்பா படிச்சுச் சொன்னுச்சு. எங்க வாட்ஸப்புக்கும் அனுப்பியிருக்கு, பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே மூன்று சிங்கம், தேசியக் கொடி, ஒரு மத்திய வாரியத்தின் பெயர், பச்சை மையில் கையெழுத்து. அன்புள்ள செல்வி இளவரசி, மனமார்ந்த வாழ்த்துகள். தஞ்சாவூரிலேயே பணியிடம். யாரிடமும் சொல்லாமல் ரகசியமாக வைத்திருக்கவும் என்றுகூட இருந்தது, கலியமூர்த்தி அதை எங்கே கேட்டார்! நடுவில் ஒரு வரி: தங்கள் கிராம நிர்வாக அலுவலர் அனுப்பிய விசாரணை அறிக்கை மிகவும் திருப்திகரமாக உள்ளது.

வாயிலிருந்த ஜாங்கிரி அப்படியே நின்றுவிட்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. ஊருக்கு ஊர் இதே வரியை வைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். வி.ஏ.ஓ.விடம் போய் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம். ஆனால் இந்த ஊரில் அந்த வரி பொய் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

"இளவரசி இப்ப எங்க?"

"லேப்லதாங்க இருக்கு. சாயங்காலம் ராஜினாமா லெட்டர் குடுத்துடும். அதோட காப்பிய இன்னிக்கே அனுப்பிடணுமாம், இல்லாட்டி ஆர்டர் ரத்தாயிடுமாம். பாப்பா போனா லேப்ல அந்த எடத்துக்கு வர ஆள் தயாரா நிக்கிதாம். நம்ம பசங்க பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸ் கட்டிக்கிட்டு இருக்கானுங்க. நீங்க வூட்டுக்குப் போறப்பப் பாருங்க, பாப்பா போட்டோ ஜோரா வந்திருக்கு."

கூட்டம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ரெண்டு பேர் ஆளுக்கொரு ஜாங்கிரியும் எடுத்துவிட்டார்கள். 'இது போலி' என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போயிருப்பார். கோபத்தில் என்னோடு சண்டைக்கு வந்திருந்தாலும் வந்திருப்பார். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு இருந்தது. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒரு பெண்ணுக்கு வந்த நிஜமான அரசு வேலையை வி.ஏ.ஓ. கெடுத்தாள் என்று ஆகிவிட்டால் அந்தப் பழியை எங்கே போய்க் கழுவுவது?

தலையாரியைக் கூப்பிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கலியமூர்த்தியைப் பின்னறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெளியே ஒரே கூச்சல். "ஏம்மா, சர்வர் படுத்துடும்மா! நாளைக்கு வந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்று ஒருவர் கத்தினார். "ஆமா, நான்தான் சொல்லுவேன், உக்காருங்க!" என்று நானும் கத்தினேன். காப்பீட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. இளவரசிக்குச் சாயங்காலம் வரைதான் இருந்தது.

"கலியமூர்த்தி, நான் எந்த ரிப்போர்ட்டும் எழுதலங்க," என்றேன்.

அவர் சிரித்தார். "மறந்திருப்பீங்கம்மா. ஒரு நாளைக்கு எத்தன கையெழுத்து போடுறீங்க."

"உங்க பொண்ணப் பத்தி எழுதியிருந்தா மறப்பனா? அவளுக்கு முதல் பட்டதாரி எழுதினப்ப என்ன கலர் சுடிதார் போட்டுக்கிட்டு வந்தான்னு சொல்லட்டுமா?"

அவருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மகளுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லேப்புக்குள் போகும்போது போனை வெளியே வைத்துவிட்டுப் போவாளாம். சரி என்று லேப்பின் அலுவலக எண்ணுக்கு நானே பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கீழ்வேளூர் தாலுகாவுலேருந்து வி.ஏ.ஓ. பேசுறேன். இளவரசியைக் கொஞ்சம் அவசரமாக் கூப்பிடணும்."

"என்ன விஷயம் மேடம்?"

"அது அவங்ககிட்டதான் சொல்லணும்."

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. கவர்மென்ட் ஆபீஸ்லேருந்து பேசுறோம், அவசரம், அவங்ககிட்டதான் சொல்லணும்னு இப்பல்லாம் நெறைய ஃபிராடு கால் வருது. உங்க பேரு, ஊரு சொல்லுங்க. அவங்க வெளிய வந்ததும் சொல்றேன், அவங்களே உங்க நம்பர் பாத்துக் கூப்பிடுவாங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நான் பேசுவதையே சந்தேகப்படுகிறாளா என்று போனை வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினேன். கலியமூர்த்தி பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் செய்ததைத்தானே இளவரசியும் செய்திருக்க வேண்டும்! அவளை இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உங்களையும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்பார்கள். ரோஷப்படாதீர்கள், பேரையும் ஊரையும் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இளவரசி கூப்பிட்டாள். அதுவரை நான் வெளியே வந்து அடங்கல் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் எந்த சர்வே எண்ணில் எந்தப் பயிரை எழுதினேன் என்று கேட்டால் தெரியாது, ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது. அவள் குரலில் எரிச்சல் தெரிந்தது. எனக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள், அவர் ஏதோ சொல்லியிருக்கிறார்.

"மேடம், நான் படிச்ச பொண்ணு. ஃபேக் மெயில் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒண்ணுகூட இல்ல. நான் எழுதின பரீட்சை பேரு, ஹால் டிக்கெட் நம்பர் எல்லாம் கரெக்ட்டா இருக்கு. அதுல இருந்த நம்பருக்குப் போனும் பண்ணிட்டேன். ஒரே ரிங்குல எடுத்தாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே எப்படின்னு கேட்டதுக்கு, செலக்ட் ஆனவங்களுக்கு மொதல்ல தனியா அனுப்புறோம்னு எவ்வளவு மரியாதையா சொன்னாங்க தெரியுமா?"

"ஒரே ரிங்குல எடுத்தாங்களா?"

"ஆமா மேடம்."

"வணக்கம் சொன்னாங்களா?"

"சொன்னாங்களே."

"ஏம்மா இளவரசி, நான் இத்தன வருஷமா அரசாங்கத்துலதான் இருக்கேன். தாலுகா ஆபீஸுக்கு நானே போன் பண்ணினாலும் ஒரு ரிங்குல யாரும் எடுத்தது கெடையாது. வாழ்த்து வேற சொல்லியிருக்கான். எனக்கு வேலை குடுத்த ஆர்டரப் படிச்சிட்டு எங்கம்மா அழுதாங்க, ஏதோ தண்டனை போட்டிருக்குன்னு நெனச்சுக்கிட்டு. அதுல நகல் பெறுவோர்னு கீழ எத்தன ஆபீஸ் பேரு இருந்துச்சு தெரியுமா? உன் மெயில்ல என்ன போட்டிருக்கு? யார்கிட்டயும் சொல்லாத, ரகசியம்னு. அரசாங்கத்துக்கு ரகசியமா பேசத் தெரியுமாடி?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. சில வருஷங்களாகப் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்த பெண். அந்த மெயிலை நம்பியது அறிவில்லாமல் அல்ல. அதற்காக அவ்வளவு ஏங்கியிருந்தாள். கேலியை நிறுத்திக்கொண்டேன்.

"இளவரசி, போலின்னு நான் சத்தியம் பண்ணல. நான் ரிப்போர்ட் எழுதலங்கறது மட்டும் சத்தியம். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. லெட்டர இன்னிக்குக் குடுக்காத. நிஜ ஆர்டரா இருந்தா சேர்றதுக்கு அவகாசம் குடுத்திருப்பாங்க, ஒரு நாள்ல ஓடிப் போயிடாது. குடுத்துட்டா உன் லேப் வேலை திரும்பி வராது."

"பைலதான் மேடம் இருக்கு. டைப் பண்ணிக் கையெழுத்தும் போட்டுட்டேன்," என்றாள். "சரி மேடம். குடுக்கல."

அதன் பிறகு செய்தது எல்லாம் உங்கள் வகுப்பில் சொன்னதுதான். மெயிலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அந்த வாரியத்தின் உண்மையான இணையதளத்தை நானும் கலியமூர்த்தியுமாகத் தேடி, அதில் போட்டிருந்த எண்ணுக்குப் பேசினோம். முதல் தடவை எடுக்கவில்லை. அடுத்த தடவை எடுத்தவர் எங்களை வேறொரு பிரிவுக்குத் தள்ளினார். அங்கே ஒருவர் சிடுசிடுவென்று, "அந்தப் பரீட்சைக்கு இன்னும் ரிசல்ட்டே போடலையே, ஆர்டர் எப்படிங்க வரும்? ஒரு வாரமா இதே ரோதனையா இருக்கு," என்றார். அந்தச் சிடுசிடுப்பைக் கேட்டபோது எனக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது.

ராஜினாமாவை ஏன் கேட்டான் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. சைபர் போலீஸில் புகார் கொடுத்தபோது அங்கிருந்தவர்தான் சொன்னார். கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டவளால் பின்வாங்க முடியாது. அதற்கப்புறம்தான் பயிற்சிக் கட்டணம், வைப்புத் தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்பானாம். ஒவ்வொன்றையும் கட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். நல்லவேளை, பணம் எதுவும் அனுப்பும் நிலைக்கு அவள் போகவில்லை. ஆதார் நகல் மட்டும் போயிருந்தது. அதைப் புகாரில் எழுதி, வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி இணையத்தில் ஆதாரையும் பூட்டி வைத்தார்கள். மெயிலை அழிக்காமல் வைத்திருந்தது புகாருக்கு உதவியது.

மிச்சம் இருந்தது ஃபிளெக்ஸ். பஸ் ஸ்டாப்பில், பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் கட்டுகிற அதே இடத்தில், இளவரசி படத்தோடு நின்றது. எங்கள் பக்கத்தில் நல்ல சேதி வந்தால் நாள் தள்ள மாட்டார்கள், மறுநாளே ஃபிளெக்ஸ் வந்துவிடும். சாயங்காலம் இளவரசி வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "அந்த வேலை இல்லன்னாக்கூடப் பரவால்ல மேடம். அந்த ஃபிளெக்ஸ எப்படி எறக்குறது? எங்க தெரு ஆளுக்கு அங்க மொதமொதல்ல கட்டினது அது." எனக்கும் கண் கலங்கிவிட்டது. இருட்டியதும் தலையாரியை விட்டு அவிழ்த்துவிடலாம் என்று சொன்னேன்.

கலியமூர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கும்மா இருட்டுல? நாம என்ன திருடுனமா? திருட வந்தவன்தான ஒளியணும்," என்றார். மறுநாள் காலை, டீக்கடையில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில், அவரே கயிற்றை அவிழ்த்து இறக்கினார். "என்ன கலியமூர்த்தி, அதுக்குள்ள?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், எவனோ ஒரு திருட்டுப்பய கவர்மென்ட் பேருல மெயில் அனுப்பியிருக்கான், ரிப்போர்ட் எழுதினதா வி.ஏ.ஓ. அம்மா பேரையும் இழுத்திருக்கான், உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கும் வரும், பாத்துக்குங்க என்று நின்று விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று மதியம் மெயின்ரோட்டு மிராசு வீட்டுக்காரர் என் ஆபீஸுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "என் மகனுக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு. நீங்க ரிப்போர்ட் எழுதினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அதே மூன்று சிங்கம், அதே பச்சை மை. அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் ரகசியமாக வைத்திருந்தார்களாம். கலியமூர்த்தி பகலில் இறக்கியிருக்காவிட்டால் அவர் வந்திருக்கவே மாட்டார்.

தை அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, ஆளாளுக்கு நெல் குவியலை மூட ஓடினார்கள். கலியமூர்த்தியின் குவியல் மேல் ஏற்கெனவே ஃபிளெக்ஸ் விரித்திருந்தது. மழையில் நனைந்தபடி இளவரசி சிரித்துக்கொண்டிருந்தாள். "நல்ல கெட்டியான ஃபிளெக்ஸும்மா, ஒரு சொட்டு எறங்கல," என்றார் அவர். பக்கத்தில் நின்ற இளவரசி, "அப்பா, வேற எதுவும் கெடைக்கலயா உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்றுவரை அவள் அந்த லேப்பில்தான் இருக்கிறாள், இப்போது பொறுப்பாளராக. பரீட்சையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் தெருவில் யாருக்கு எந்த மெயில் வந்தாலும் முதலில் அவளிடம்தான் காட்டுகிறார்களாம்.

நான் ஓய்வு பெற்ற அன்று தாலுகா ஆபீஸில் மாலை, பொன்னாடை, புகழ்ச்சி எல்லாம் நடந்தது. பாதிக்கு மேல் நான் செய்யாததற்குத்தான். எல்லாரும் கலைந்த பிறகு கலியமூர்த்தி வந்தார். கையில் அதே கடைப் பெட்டி. திறந்து நீட்டினார், ஜாங்கிரி.

பழக்கம் விடவில்லை எனக்கு. "இது எதுக்குங்க?" என்றேன்.

"அன்னிக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்லம்மா," என்றார், "அதுக்குத்தான்."

அது நான் செய்ததுதான். முழுசாக ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன்.